டி டிரைவ் அங்கேதான் இருக்கிறது, ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி:

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார் என்று பாரம்பரிய ரகங்களைப் பயிரிட்டு, நெல் ஜெயராமன் ஐயா காட்டிய வழியில் இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்குகிறோம். யாருக்கு எந்த விதை போனது, யார் திருப்பினார்கள், எந்த ரகம் எத்தனை நாளில் கதிர் வாங்கியது என்ற பதிவுகளும் வயல் படங்களும் வீட்டு லேப்டாப்பின் டி டிரைவில் இருந்தன. 2013-ல் வாங்கிய லேப்டாப், 500 ஜிபி, விண்டோஸ் 10. தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் படிக்கும் மகன் போன வருடம் அதிலேயே உபுண்டு லினக்ஸும் போட்டான். இடம் போதவில்லை என்று நான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிரைவ் எழுத்து இல்லாத இரண்டு பகுதிகளை அழித்தேன். டி-யிலிருந்துதான் லினக்ஸுக்கு இடம் எடுத்ததாக அவன் சொன்ன ஞாபகத்தில் டி-யையும் அழித்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்றும் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்றும் வந்து நிற்கிறது. கடையில், டேட்டா வராது, ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். மைத்துனர் மகன் விண்டோஸ் பென் டிரைவ் கொண்டுவந்து இன்ஸ்டால் திரைவரை போனான். ‘அன்அலொகேட்டட்’ என்று ஏதோ காட்டியது. பயந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மகனின் கல்லூரி புராஜெக்ட்டும் லினக்ஸில் இருந்ததாம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் விதைப் பதிவேடு பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே, இருந்த இடத்திலேயே இருக்கிறது. டேட்டா வராது என்று கடையில் சொன்னதை ஏற்காதீர்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி எடுத்து வையுங்கள். நான் கீழே சொல்லும் பொருட்கள் கைக்கு வரும்வரை அதை யாரும் ஆன் செய்ய வேண்டாம்.

மைத்துனர் மகனை நீங்கள் நிறுத்தச் சொன்ன இடம் மிக முக்கியமானது. அந்த இன்ஸ்டால் திரையில் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரு வரி வந்திருக்கும். பக்கத்தில் அதன் அளவும் போட்டிருக்கும். உங்கள் டி டிரைவும் மகனின் உபுண்டுவும் சேர்ந்த இடம்தான் அது. இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருந்தால், இருபது ஜிபிக்கு மேல் விண்டோஸ் கோப்புகள் உங்கள் பதிவுகளின் தலைமேல் எழுதப்பட்டிருக்கும். அப்படி எழுதப்பட்ட பகுதியை எந்த மென்பொருளாலும், எந்த நிபுணராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கடைக்காரர் ஃபார்மட் என்று சொல்வதும் இதே வேலையைத்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. லேப்டாப்பை ஓட வைப்பது அவருடைய வேலை. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். 2013-ம் வருட லேப்டாப் என்பதாலும், ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்து நிற்பதாலும், உங்கள் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். வட்டின் முதல் 512 பைட்டில் எல்லாம் அடங்கும் முறை அது. அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பகுதி அட்டவணை, கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. சி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, அடுத்த பகுதி எங்கே என்ற விவரம் அந்த 64 பைட்டிலும், அதிலிருந்து சங்கிலியாகத் தொடரும் சில சிறு குறிப்புகளிலும் மட்டுமே உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நீங்கள் அழித்தது அந்தக் குறிப்புகளைத்தான். கிராமக் கணக்கில் ஒரு சர்வே எண்ணை அடித்துவிட்டால் வயலும் வரப்பும் காணாமல் போய்விடாது அல்லவா, அப்படித்தான் இதுவும்.

பூட் ஆகாமல் நிற்பதற்கும் காரணம் அதே அட்டவணைதான். உபுண்டு போட்டபோது அந்த 446 பைட்டில் விண்டோஸின் நிரலுக்குப் பதிலாக லினக்ஸின் பூட் நிரலான கிரப் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் கிரப்பின் முழு உடம்பு அங்கே இல்லை. மெனுவும் மற்ற பாகங்களும் லினக்ஸ் பகுதிக்குள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. ஆன் செய்ததும் கிரப் அந்தப் பகுதியைத் தேடிப் போகிறது. அட்டவணையில் அப்படி ஒரு பகுதியே இல்லை. அதனால் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று சொல்லிவிட்டு நிற்கிறது. உங்கள் சி டிரைவும் விண்டோஸும் நன்றாகவே இருக்கும். தான் ஓடிக்கொண்டிருக்கும் பகுதியையும், தன் பூட் கோப்புகள் உள்ள பகுதியையும் விண்டோஸ் அழிக்க விடாது.

ஆக, டேட்டா போனது ஒரு பிரச்சினை, பூட் ஆகாதது இன்னொரு பிரச்சினை என்று நினைக்காதீர்கள். காணாமல் போனது ஒன்றே ஒன்று, பகுதி அட்டவணை. அதைச் சரியாகத் திருப்பி எழுதினால் டி-யும் வரும், லினக்ஸும் வரும், பூட் மெனுவும் தானாகவே வரும். பூட்டை மட்டும் தனியாகச் சரிசெய்யப் போகிறவர்கள்தான் டேட்டாவைத் தொலைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு விஷயத்தை உறுதி செய்ய வேண்டும். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்தானா, அல்லது இடையில் யாராவது எஸ்எஸ்டி மாற்றினார்களா? பழைய லேப்டாப்பை வேகமாக்க எஸ்எஸ்டி போடுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே எழுதாதவரை பழைய டேட்டா அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டி-யில் ‘டிரிம்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பகுதியை விண்டோஸில் ஃபார்மட் செய்தாலோ அழித்தாலோ, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டி-க்குச் செய்தி போய்விடும். அது உள்ளுக்குள் துடைத்துவிடும். பிறகு தேடினாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும்.  அதனால் எஸ்எஸ்டி-யாக இருந்தால் கோப்புகள் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு, முயன்று பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று, ஆன் செய்யும்போது உள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்திருந்தால் நான் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். வட்டின் தலைப்பகுதியே பழுதாகியிருக்கும். தூசி புகாத அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் சத்தம் பற்றி எதுவும் இல்லாததால், வட்டு நல்ல நிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

இன்று இரவே மகனுக்கு போன் செய்யுங்கள். கோபப்படுவானோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் இந்த வேலைக்கு அவனைவிட உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை. டி முன்பு எத்தனை ஜிபி, அதிலிருந்து லினக்ஸுக்கு எவ்வளவு எடுத்தான், ஸ்வாப் பகுதி (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) தனியாக வைத்தானா, எது முன்னால் எது பின்னால் என்ற நான்கு விவரங்களை அவனிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இவை பின்னால் மிகவும் தேவைப்படும். அவனுடைய புராஜெக்ட்டும் திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதையும் அவனிடம் சொல்லுங்கள். முடிந்தால் இந்த வார இறுதியில் அவன் ஊருக்கு வரட்டும், இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, காலியான பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவில் ‘சிஸ்டம் ரெஸ்க்யூ’ என்ற இலவச லினக்ஸை, வேறொரு கம்ப்யூட்டரில் ‘ரூஃபஸ்’ கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும். உபுண்டுவின் பென் டிரைவ் இருந்தாலும் நடக்கும், ஆனால் பழைய லேப்டாப்பில் அது தவழும். சிஸ்டம் ரெஸ்க்யூ இலகுவானது. நமக்கு வேண்டிய டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. எக்ஸ்டெர்னல் டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கட்டும். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அதில் வைக்க முடியாது.

லேப்டாப்பை பென் டிரைவிலிருந்து பூட் செய்ததும் முதல் வேலை, முழு வட்டையும் அப்படியே ஒரு கோப்பாக எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் நகல் எடுப்பது. நல்ல வட்டுக்கு எதற்கு நகல் என்று பலர் கேட்பார்கள். பத்து வருடம் தாண்டிய வட்டு, திரும்பக் கிடைக்காத பதிவு. அதனால் நகல் இல்லாமல் நான் கை வைக்கவே மாட்டேன். பிற்பாடு எங்காவது தப்பான பொத்தானை அழுத்தினாலும் இன்றைய நிலைக்குத் திரும்பி வரலாம்.

நகலை டிடிரெஸ்க்யூ கொண்டு எடுங்கள். அதற்கு மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: முதலில் எங்கிருந்து, அடுத்து எங்கே, மூன்றாவதாக ‘மேப் ஃபைல்’ என்ற சிறு குறிப்புக் கோப்பு. முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் நகல் தலைகீழாக எடுக்கப்பட்டு உள்ளதும் அழியும். எது லேப்டாப் வட்டு, எது வெளி வட்டு என்று அளவையும் மாடல் பெயரையும் பார்த்து, மகன் ஒரு தடவை படிக்க நீங்கள் ஒரு தடவை சரிபாருங்கள். அந்த மூன்றாவது கோப்பை அவசியம் கொடுங்கள், அதையும் வெளி வட்டிலேயே வையுங்கள். எதுவரை நகலெடுத்தாயிற்று என்பது அதில் குறிக்கப்படுவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம்கூட நிற்காது என்பதும், நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். யுஎஸ்பி 2.0 வழியில் 500 ஜிபி நகலாக நாலைந்து மணி நேரம் பிடிக்கும். யுஎஸ்பி 3.0 வாய் இருந்தால் அதில் செருகுங்கள், பாதி நேரத்துக்கும் குறைவாக முடியலாம். இன்வெர்ட்டர் இருக்கும் அறையில் செய்யுங்கள்.

நகல் முடிந்த பிறகு டெஸ்ட்டிஸ்க். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள் இது. இதே காரியத்துக்குக் காசு கேட்கும் மென்பொருட்கள் நிறைய உண்டு. தொலைந்த பகுதியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். சுட்டி கிடையாது, எல்லாம் அம்புக்குறி விசையும் என்டரும்தான். பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும் நிதானமாகப் போனால் பயமில்லை. வட்டின் மேல் நேரடியாக ஓட்டாமல், எடுத்த நகல் கோப்பின் மேலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

அட்டவணை வகை கேட்கும்போது அதுவே ‘இன்டெல்’ என்று காட்டும், அப்படியே விடுங்கள். ‘அனலைஸ்’, பிறகு ‘குவிக் சர்ச்’. கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்த பகுதிகளைப் பட்டியலிடும்: சில நூறு எம்பியில் விண்டோஸின் சின்னப் பகுதி ஒன்று, சி, டி, லினக்ஸ், ஸ்வாப். டி-யின் வரியில் நின்று ‘பி’ விசையை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் பெயரோடும் தேதியோடும் வரிசையாக வரும். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் கட்டங்கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியலாம். அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லாததால் வரும் தோற்றம் அது, கோப்பு கெட்டுவிடவில்லை. பட்டியல் வந்துவிட்டால் உங்கள் பதிவேடு பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு ‘ரைட்’ (அட்டவணையை வட்டில் எழுதும் தேர்வு) கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலிலிருந்தபடியே, வட்டில் ஒரு எழுத்துகூட எழுதாமல், கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுக்கும் வசதி டெஸ்ட்டிஸ்க்கில் இருக்கிறது. சின்ன ‘ஏ’ அழுத்தினால் எல்லாம் தேர்வாகும், பெரிய ‘சி’ அழுத்தினால் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும். டி முழுவதையும் அப்படி எடுத்துவிடுங்கள். 1 டிபி வட்டில் முழு நகலும் இதுவும் சேர்ந்தே அடங்கும். மகனின் லினக்ஸ் பகுதிக்கும் இதையே செய்யுங்கள். அவனுடைய ‘ஹோம்’ ஃபோல்டர் போதும். பிறகு அந்த வெளி வட்டை வேறு கம்ப்யூட்டரில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பெயரைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் விதை வரவு செலவு எக்செல், பழைய வருட வயல் படங்கள், ஏதாவது ஒரு வீடியோ என்று பல வகையில் திறக்க வேண்டும். எல்லாம் திறந்தால்தான் அடுத்த படி.

இங்கே மகனிடம் கேட்டு எழுதிய தாள் வேலைக்கு வரும். டி முதலில் 280 ஜிபி இருந்து, அவன் 100 எடுத்த பிறகு 180 ஆனது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழைய அளவின் தடயமும் வட்டில் மிச்சம் இருக்கலாம், ஏனென்றால் என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டாரின் பிரதி ஒன்றைப் பகுதியின் கடைசியிலும் வைத்திருக்கும். அதனால் டெஸ்ட்டிஸ்க், குறிப்பாக ‘டீப்பர் சர்ச்’ செய்தால், இரண்டு டி-க்களைக் காட்டலாம். இரண்டிலும் ‘பி’ அழுத்தினால் அதே ஃபோல்டர்கள்தான் தெரியும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அளவைப் பாருங்கள். திரையின் கீழ் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். விண்டோஸில் நீங்கள் 180 என்று பார்த்து வந்தது அங்கே முதல் எண்ணில் 193 என்றும், இரண்டாவதில் 180 என்றும் வரும். கணக்கிடும் முறைதான் வேறு, இடம் ஒன்றுதான். லினக்ஸ் பகுதியின்மேல் ஏறாத, சிறிய அளவுள்ள டி-தான் உங்களுக்கு வேண்டியது. பெரியதையும் லினக்ஸையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தால் ‘ஸ்ட்ரக்சர் பேட்’ என்று அதுவே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை இருக்கும்வரை முன்னே போகாதீர்கள்.

வேண்டிய பகுதிகளை இடது, வலது அம்புக்குறியால் குறிக்க வேண்டும். விண்டோஸின் சின்னப் பகுதிக்கு நட்சத்திரம், சி-க்கு ‘பி’ (பிரைமரி). டி, லினக்ஸ், ஸ்வாப் மூன்றும் லாஜிக்கலாக (சங்கிலியாகத் தொடரும் சிறு குறிப்புகளில் பதிவான பகுதிகளாக) இருந்திருக்கும், அவற்றுக்கு ‘எல்’. ஸ்வாப்பில் டேட்டா எதுவும் இல்லையே, விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். கிரப் தன் வீட்டை ஐந்தாவது பகுதி, ஆறாவது பகுதி என்று எண்ணை வைத்துத் தேடுகிறது. லினக்ஸுக்கு முன்னால் ஸ்வாப் இருந்திருந்தால், அது இல்லாமல் எண் மாறிப்போய் மறுபடி அதே கறுப்புத் திரையில் வந்து நிற்கும். நகல் கோப்பின் மேல் எல்லாம் சரியாக வருகிறது என்று பார்த்துவிட்டு, லேப்டாப்பின் உண்மையான வட்டில் இதையே செய்து, அங்கே மட்டும் ‘ரைட்’ கொடுங்கள். வேலை முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். பழைய மெனு, உபுண்டுவும் விண்டோஸும், முன்பிருந்தபடியே வர வேண்டும்.

முதல் தடவை விண்டோஸுக்குள் போகும்போது ‘டிரைவைச் சரிபார்க்கிறேன்’ என்று வட்டுச் சோதனை தொடங்கலாம். டி-யின் கோப்புகள் ஏற்கெனவே வெளி வட்டில் பத்திரமாக இருப்பதால் விட்டுவிடலாம். அவை கையில் இல்லாத நிலையில் அந்தச் சோதனையை ஒருநாளும் ஓடவிடக் கூடாது. அளவு தப்பாகத் திருப்பிய பகுதியில் அது ஓடினால், கோப்புகளைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு சிதைத்துவிடும். ‘டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று ஒரு பெட்டி வந்தாலும் ரத்து செய்துவிடுங்கள்.

டெஸ்ட்டிஸ்க்கில் டி-யின் பட்டியல் வரவே இல்லை என்றால் கடைசி வழியாக போட்டோரெக். அது பகுதி, ஃபோல்டர் எதையும் பார்க்காது. வட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்து, இது படம், இது எக்செல் என்று கோப்பின் தலைப்பகுதியை வைத்து அடையாளம் கண்டு அள்ளிப் போடும். பெயர்கள் எல்லாம் போய்விடும், வெறும் எண்கள்தான் இருக்கும். வட்டில் துண்டுதுண்டாகச் சிதறிக்கிடந்த கோப்புகள் முழுசாக வராது. கேமராவிலும் போனிலும் நேராக எடுத்த படங்களுக்குள் எடுத்த தேதி இருக்கும். அதை வைத்துக் குறுவையா சம்பாவா என்று பிரித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு அந்தத் தேதி இருக்காது, கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இங்கே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்ற பிறகும் வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடிப்பது நம் ஊர்களில் முழுக்க நிற்கவில்லை. உங்கள் பழைய பதிவுகளும் அப்படி இருக்கலாம். மீட்ட கோப்பை லினக்ஸிலோ வேறு கம்ப்யூட்டரிலோ திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து அர்த்தமில்லாமல் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவினால் ‘காட்டுயானம்’ என்று தமிழிலேயே தெரியும். ஆனால் பெயரில்லாமல் வந்து விழுந்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் ‘காட்டுயானம்’ என்று யூனிகோடில் தேடினால் பழைய எழுத்துருவில் அடித்தவை சிக்காது. அதே எழுத்துருவில் அடித்த சொல்லை ஒட்டித்தான் அவற்றைத் தேட வேண்டும். சிக்கியவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எல்லாம் மீண்ட பிறகும் கிரப் அடம்பிடித்தால், விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக கமாண்ட் பிராம்ப்ட் போய், ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற தேர்வோடு கொடுத்தால் போதும். அது அந்த 446 பைட் பூட் நிரலை மட்டும் விண்டோஸுக்கு மாற்றும். பகுதி அட்டவணையைத் தொடாது. ‘இன்ஸ்டால் நவ்’ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். லினக்ஸை உண்மையிலேயே எடுத்துவிட நினைப்பவர்களுக்கும் முறை இதுதான். முதலில் பூட்டை விண்டோஸிடம் கொடுத்துவிட்டு, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் லினக்ஸ் பகுதியை அழிக்க வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை, லினக்ஸை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. உங்கள் 2013 லேப்டாப் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்குள் வராது. இணையத்தில் போகிற வேலைகளுக்கு மகன் போட்ட உபுண்டுதான் இனி உங்களுக்குப் பாதுகாப்பு. இடம் போதாத குறைக்கு, பழைய வருடப் படங்களை இப்போது வாங்கும் 1 டிபி வட்டுக்கு மாற்றுங்கள். விதைப் பதிவேடு மட்டும் அளவில் மிகச் சிறியது. ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று அந்த வட்டில், ஒன்று மகனின் கூகுள் டிரைவில் இருக்கட்டும்.

புது லேப்டாப் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் ஓடுபவை. அங்கே லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டு மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் ‘கிரப்’ என்று மட்டும் வரும், ‘ரெஸ்க்யூ’ இருக்காது. ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தி, பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் வந்துவிடும். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பில் கை வைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று எதையும் தொடும் முன்பே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு லினக்ஸ் மட்டும் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று சொல்லி பூட் ஆகாமல் நின்றது. அதில் டேட்டாவுக்கும் பகுதிக்கும் எந்தச் சேதமும் இல்லை. அதற்காக யாரும் ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை.

ஐயா, டெஸ்ட்டிஸ்க் திரையில் நான் சொன்னதற்கு மாறாக ஏதாவது வந்தால், போனில் படம் எடுத்து, மகன் சொன்ன அளவுகள் எழுதிய தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை ‘ரைட்’ கொடுக்காமல் லேப்டாப்பை அணைத்தே வையுங்கள்.